ஹாலோவீனுக்கு வாசல் விளக்கு

உனக்கு,

அக்டோபர் 24, மாலை ஆறு இருபது. ஹாலோவீனுக்குப் பதினோரு பேய்கள் தயார். எல்லாம் காலி பிளாஸ்டிக் பால் கேன்கள். பிள்ளைகள் கண்ணும் வாயும் வரைந்தார்கள், நான் உள்ளே சீரியல் பல்பு விட்டேன். நம் பையன் ஓவன் வரைந்த பேய்க்கு மூன்று கண். திருத்தச் சொன்னேன், மறுத்துவிட்டான்.

நீ டொலீடோவில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போன அந்த வாரமே வாசல் விளக்கு ஃபியூஸ் போனது. நானே எலெக்ட்ரீஷியன், ஆனாலும் மாற்றவில்லை. யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மகள் டெல்லா கண்டுபிடித்துவிட்டாள்.

"வாசல் லைட் எரியலன்னா வேஷம் போட்டு மிட்டாய் கேட்டு வர்ற பிள்ளைங்க ஒருத்தரும் படி ஏறமாட்டாங்கப்பா."

"பதினோரு பேய் எரியுதே, போதாதா?"

"அது சும்மா அலங்காரம். லைட் எரிஞ்சாதான் வரலாம்னு அர்த்தம். அம்மா வந்து, கார்லேருந்தே பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டா?"

பேசினால் கெடுத்துவிடுவேன், உனக்கே தெரியும். செய்யப்போவதை மட்டும் எழுதுகிறேன்:

1. இன்றே பல்பை மாற்றுவேன்.
2. மூன்று கண் பேயை முதல் படியில் வைப்பேன், திருத்தாமல்.
3. மிட்டாய் தீர்ந்ததும் தெருவில் எல்லோரும் விளக்கை அணைத்துவிடுவார்கள். நான் அணைக்கமாட்டேன்.

பிள்ளைகளின் அப்பா