அப்பா பாஸ் செய்த கணக்கு

புதுச்சேரி

அன்புள்ள மகன் ஆந்தனிக்கு, அம்மா எழுதுவது. மாதா தயவில் இங்கே எல்லாரும் சுகம், என் முட்டிவலியும் சுகமாக என்னோடுதான் இருக்கிறது. அங்கே பிரான்ஸில், துலூஸில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கென்றே செய்தது என்று நீ உன் தங்கச்சி அமேலிக்கு அனுப்பிய கணக்கு டேப்லெட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். உன் போனுக்கு வாராவாரம் வரும் ரிப்போர்ட் முழுக்கப் பச்சையாக இருக்கிறது, தங்கச்சி தேறிவிட்டாள், இனி ஸ்பெஷல் ஸ்கூல் மாலா டீச்சர் வீட்டுக்கு வருவது எதற்கு, நிறுத்திவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னாயாமே. ரொம்ப சந்தோஷம். தேறியது உன் அப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் ரிட்டையரான மனுஷனுக்குத் தப்பு என்று திரையில் சிவப்பு வந்தால் பொறுக்கவில்லை, ஆந்தனி என்னா நெனைப்பான் என்று சொல்லிச் சொல்லி உதவிக்கு ஒரு விரலை நீட்டினார், அப்புறம் அந்த விரல்தான் எல்லாக் கணக்கையும் போட்டது. திரையில் இருக்கும் கிளி பிராவோ பிராவோ என்று கத்த, இவர் மீசையை முறுக்கிக்கொண்டார். பிள்ளையின் திறமைக்குத் தக்கபடி கணக்கு கொடுக்கும் என்று பெருமையாகச் சொன்னாய் அல்லவா, அது சரியாகத்தான் செய்தது, அறுபத்தெட்டு வயசுப் பிள்ளைக்குத் தக்கபடி பின்னக் கணக்குக்குப் போய்விட்டது.

அப்பா சேதராப்பட்டுக்குத் துக்கம் கேட்கப் போன அன்று அமேலி தனியாக உட்கார்ந்தாள். அரை, முக்கால் என்று என்னென்னவோ வந்தது. டேப்லெட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு அழுதாள். டீச்சரோடு பாட்டில் மூடிகளை வைத்து இருபது வரை கூட்டிக்கொண்டிருந்த பெண், அதற்குப் பிறகு மூடி டப்பாவைப் பார்த்தாலே எனக்கு வராதும்மா என்று காதைப் பொத்திக்கொண்டாள். மாலா டீச்சர் டேப்லெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, இது அமேலி வேகம் இல்லீங்களே என்றார். உன் அப்பா மின்விசிறியை ஆராய்ச்சி செய்தார்.

டேப்லெட்டில் அப்பா போட்ட எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம், மூடிகளைப் பக்கத்தில் வைத்து எண்ணிவிட்டுப் பிறகு திரையைத் தொட வேண்டும் என்பது டீச்சர் ஏற்பாடு. முதலில் அமேலி கிட்டவே போகமாட்டேன் என்றாள். நேற்று ஏழும் ஐந்தும். என் காபி ஆறி ஆடை படிந்துவிட்டது, அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பரேடில் நிற்பதுபோல் நின்றார். பன்னிரண்டைத் தொட்டாள், அவளாகவே. நான் அழுதுவிட்டேன்.

டீச்சரை நிறுத்தும் பேச்சை இனி எடுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அமேலியைக் கூப்பிட்டுப் பாராட்டு. இந்த வாரம் உனக்கு வரும் ரிப்போர்ட் பெரும்பாலும் சிவப்பாகத்தான் இருக்கும். அது உன் தங்கச்சி போட்டது.

இப்படிக்கு,
உன் அம்மா ஜொசியான்