டூட்டிப் பலகையில் எழுதிய காரணம்

அன்பு மகள் ஜூடிக்கு, இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை வீசும் அத்தனை நாற்றங்களையும் ஒரே மூக்கால் கட்டி ஆளும் உன் பெரியப்பா வால்டர் எழுதுவது. ஆண்டவர் கருணையால் நானும் பெரியம்மா ஹில்டாவும் சுகம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். நேற்று ஹில்டா வறுத்த நெத்திலியின் வாசத்துக்குத் துறைமுகத்தில் மூன்று கப்பல்கள் திசை தப்பிப் போயின.

எனக்குத்தான் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை, அத்தனை குமட்டல். எங்கள் கன்டெய்னர் யார்டில் ஒருவன், அருள்நாதன் என்று வைத்துக்கொள், உண்மைப் பெயர் உனக்கு வேண்டாம். அவனுக்கு ஒரு நோய், அதன் பெயரும் வேண்டாம். பெட்டி மேல் ஏறக் கூடாது என்று டாக்டர் கொடுத்த சீட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீசர் மனோகரனிடம் மட்டும் காட்டினான். அந்த மகாராஜா மறுநாள் கேட் பக்கத்து டூட்டிப் பலகையில் அவன் பெயருக்கு நேரே நோயைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார். ஏன் சார் என்று நான் கேட்டால், அவனுக்கு மட்டும் இன்னாத்துக்கு லேசு வேலன்னு அல்லாரும் கேக்குறான், எழுதிட்டா பேஜாரு இல்ல பாரு என்றார். எண்ணூர்ச் சேற்றை வாளியில் மொண்டு குடித்தாலும் இவ்வளவு கலீஜாக இருக்காது. லாரிக்காரன் ஒருவன் அருள்நாதனைப் பார்த்து இன்னா நைனா, தொட்டா ஒட்டிக்குமா என்றான். டீ குடிக்கும்போது அவன் பக்கத்தில் இருந்தவன் தன் கிளாஸைத் தள்ளி வைத்துக்கொண்டான்.

நான் சும்மா இருப்பேனா? சாக்பீஸ் எடுத்து என் பெயருக்கு நேரே ஆறு மாதக் கர்ப்பம் என்று எழுதினேன். கூட வேலை பார்க்கும் எபினேசர் தன் பெயருக்கு நேரே மாமியார் வந்திருக்கிறார் என்று எழுதினான். மதியத்துக்குள் உலகத்தில் இல்லாத வியாதியெல்லாம் எங்கள் யார்டுக்கு வந்தாயிற்று. மனோகரன் பல்லைக் கடித்துக்கொண்டு காரணம் எழுதிய அந்த வரிசையையே அழித்தார். ஊரை வென்றவன் போல அன்று வேலைக்கு வராத அருள்நாதனின் விம்கோ நகர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அழிச்சிட்டீங்கோ சரி மாமு, படிச்சவங்கள இன்னா பண்றது என்றான். வேலையை விடுவதாக எழுதி வைத்திருந்த கடிதத்தை என் கையிலேயே கொடுத்தனுப்பினான், மனோகரன் மேசையில் நானே வைத்தேன்.

ஜூடி, நீயும் ஆபீசில் ஹெச்ஆர். போன மாதம் போனில், உங்கள் ஆபீசில் ஒரு பெண் ஒளித்து ஒளித்துச் சாப்பிடும் மாத்திரையைப் பற்றிச் சொன்னாய், நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதோடு நிற்கவில்லை அம்மா. இங்கே மூன்று பேரிடம் சொல்லியும் சிரித்தேன். என் வழக்கமான கூட்டல் இந்தக் கணக்கில் இல்லை, மூன்றே பேர். மனோகரனைத் திட்டத் திட்ட என் வாயே எனக்கு நாறுகிறது.

மாதா உன்னைக் காப்பாள். தலைக்கு எண்ணெய் வை. இனி அங்கே யாருக்கு என்ன நோய் என்று நானே கேட்டாலும் போனை வைத்துவிடு.

உன் பெரியப்பா,
வால்டர்