தொடக் கூடாத ஐந்து சதவீதம்

மார்ச் 4, திங்கள்

என்னுடைய பதினோரு நாள் வேலையை அந்தப் புதுப் பெண் இன்று காலை நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

அவள் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எங்கள் ஆய்வுக் குழுத் தலைவர் அவளுக்கு 'மின்னல்' என்று பெயர் வைத்திருக்கிறார். பதினாலு வருடமாக இங்கே இருக்கிறேன், எனக்கு அவர் ஒரு பெயரும் வைக்கவில்லை. "நம்ம மேடம்" என்பார், அறையில் இருக்கிற அலமாரியைச் சொல்வது போல.

போன வாரம் மாமியார் கேட்டார்: "அப்படி என்னதாம்மா பண்றீங்க அங்க?" சொன்னேன். புரதத்தைப் படிகமாக்கி அதன் மேல் எக்ஸ்ரே பாய்ச்சினால் ஆயிரக்கணக்கில் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளை வைத்து, உள்ளே அணுக்கள் எப்படி மடிந்து உட்கார்ந்திருக்கின்றன என்று கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேரை நாங்கள் எழுதுகிறோம். முதலில் ஒரு மேப் கிடைக்கும், மூட்டம் போட்ட மாதிரி. அந்த மூட்டத்துக்குள் புரதத்தைத் துண்டு துண்டாகக் கட்ட வேண்டும். கட்டுகிற நிரல் என்னுடையது. மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கு ஏம்மா தினம் தலைவலி?" என்றார்.

இப்போது கையில் இருக்கிற பெரிய புரதத்தில், 212-லிருந்து 219 வரை எட்டு அமினோ அமிலங்கள் இரண்டு வருடமாக எனக்குப் பிடிபடவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தேன். அவளுடைய நிரல் அதையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

"அக்கா, சரியா வந்திருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. "பரவால்ல" என்றேன்.

மார்ச் 5, செவ்வாய்

தூங்கி எழுந்தும் எரிச்சல் போகவில்லை.

மார்ச் 8, வெள்ளி

முன்பெல்லாம் யாருக்காவது மேப் புரியவில்லை என்றால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வருவார்கள். இன்று மூன்று பேர் என்னைத் தாண்டிக்கொண்டு அவளிடம் போனார்கள். மூன்றாவது ஆள் என்னைப் பார்த்துத் தலையாட்டி வேறு வைத்தார். அந்தத் தலையாட்டல்தான் தாங்கவில்லை.

நான் நல்லவள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். யார் வந்து கேட்டாலும் சொல்லிக்கொடுப்பேன், அதனால். இப்போது தோன்றுகிறது — கேட்க ஆள் இருந்தவரைக்கும் நல்லவளாக இருந்தேன், அவ்வளவுதானோ?

மார்ச் 12, செவ்வாய்

எங்கேயோ இருக்கிற ஒரு ஆய்வகத்திலிருந்து ஒரு மெயில். "புதிய நிரலை எழுதியவருக்கு எங்கள் குழுவின் அன்பு." தலைவர் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டார். பதினாலு வருடத்தில் எனக்கு வந்த மெயில்கள் எல்லாம் ஏன் ஓடவில்லை, ஏன் நின்றுவிட்டது, ஏன் இத்தனை எச்சரிக்கை என்றுதான். ஓடிய நாளில் ஒருவரும் எழுதியதில்லை.

அவள் சுவரைப் பார்த்து வெட்கப்பட்டாள். "எடுத்துடுங்க சார், ப்ளீஸ்." அதையாவது கொஞ்சம் அலட்டிக்கொண்டு செய்திருந்தால் அவளைத் திட்ட எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மார்ச் 15, வெள்ளி

அவளுடைய சோதனை எண் 22.

எனக்கு உறுத்துகிறது. விழுந்த புள்ளிகளில் நூற்றுக்கு ஐந்தை முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிடுவோம். புரதத்தைக் கட்டி, திருத்தி, மறுபடி திருத்தி — எந்தக் கட்டத்திலும் அந்த ஐந்தைத் தொடவே கூடாது. எல்லாம் முடிந்த பிறகு, கட்டியது அந்த ஐந்திலிருந்து நூற்றுக்கு எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்ப்போம். அதுதான் சோதனை எண். குறையக் குறைய நல்லது. நாம் கட்டியது உண்மைதானா, நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டோமா என்று சொல்கிற ஒரே சாட்சி அது.

இவ்வளவு மங்கலான படிகத்துக்கு 22 வராது. வரவே வராது. 26, 27 வந்தாலே தலைவர் கை தட்டுவார்.

இல்லை, எனக்குத்தான் பொறாமையில் கண் மறைக்கிறதா?

மார்ச் 18, திங்கள்

கண் மறைக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டேன்.

முதல் நாள் ஒதுக்கிய ஐந்து சதவீதமும் கடைசிக் கோப்பில் இருக்கிற ஐந்து சதவீதமும் ஒன்று இல்லை. நடுவில் எங்கேயோ மாறியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒரு ஐந்து. அப்படியென்றால் எல்லாப் புள்ளிகளும் எப்போதாவது ஒருமுறை கட்டுவதற்குப் பயன்பட்டுவிட்டன. கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதின கதைதான். 22 செல்லாது.

எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: எனக்கு அவ்வளவு சந்தோஷம். கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு சிரித்தேன். நாற்பத்தாறு வயது.

28-ஆம் தேதி அவள் எல்லாக் குழுக்களுக்கும் முன்னால் பேசப்போகிறாள். வெளியிலிருந்தும் பெரிய ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவராவது அந்த 22 பற்றிக் கேட்டுவிடுவார். நான் வாயைத் திறக்கவே வேண்டாம். முன் வரிசையில் போய் உட்கார்ந்தால் போதும்.

மார்ச் 20, புதன்

மதியம் வந்து பக்கத்தில் நின்றாள். "அக்கா, 28-க்கு முன்னாடி நீங்க ஒரு தடவை முழுசா பாத்துட்டீங்கன்னா எனக்கு நிம்மதியா இருக்கும். அந்த 22 எனக்கே ரொம்பக் குறைவா தெரியுது."

அவளுக்கே தெரிகிறது! ஆறு மாதத்துக்காரிக்கு!

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

பொய். வாய் கூசாமல் வந்தது. அவள் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 21, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 23, சனி

காலையில் காபி குடிக்கும்போது அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் வீட்டுக்காரருக்குப் புரதமும் தெரியாது, படிகமும் தெரியாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். முழுவதும் கேட்டுவிட்டு டம்ளரை வைத்தார்.

"எங்க வண்டியில என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், தெரியுமில்ல? கத்துக்க வர்றவன் தப்பு பண்ணுவான்னுதான் அது. நீ என்னடான்னா காலைத் தூக்கி மேல வெச்சுக்கிட்டு, எப்படி மோதுறான்னு பாக்கலாம்னு உக்காந்திருக்கே."

"அவ ஒண்ணும் என்கிட்ட கத்துக்க வரல."

"அதானே உன் கோவம்."

என்னென்னவோ கத்தினேன். எனக்கு வேண்டியது என் பக்கம் பேசுகிற ஒரு ஆள், வண்டிக் கதை இல்லை, என்றேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டார். பாத்திரத்தையெல்லாம் நங்கு நங்கென்று தேய்த்தேன். கோபம் அடங்காமல் ஆபீசுக்குப் போனேன். சனிக்கிழமை, அங்கே ஒருவரும் இல்லை. அவள் எந்த வரியில் தவறு செய்தாள் என்று சரியாகப் பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

பார்த்துவிட்டேன்.

அது அவளுடைய வரி இல்லை. என்னுடையது.

அவளுடைய நிரல் ஒவ்வொரு சுற்றிலும் என் பழைய நிரல் ஒன்றைக் கூப்பிடுகிறது, கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற. உள்ளே வரும் கோப்பில் ஒதுக்கிய புள்ளிகளின் நெடுவரிசைக்கு வேறு பெயர் இருந்தால், என் நிரல் அது இல்லவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, தானாகப் புதிதாக ஐந்து சதவீதத்தைப் பொறுக்கிவிடும். ஒரு வார்த்தை சொல்லாது. முதலில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறது என்று மெயில் மேல் மெயிலாக வரவே, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அலுத்துப்போய் அதன் வாயை நானே அடைத்தேன். தேதி அங்கேயே இருக்கிறது. என் பெயரும்.

என் நிரலைக் கூப்பிடுகிற இடத்தில் அவள் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள்: "இதற்குள் சோதிக்கத் தேவையில்லை. அக்கா எழுதியது."



மார்ச் 24, ஞாயிறு

ஒரு வழி இருக்கிறது. நாளை காலை முதல் ஆளாகப் போய் அந்த வரியைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். அடுத்த முறை ஓட்டும்போது அவளுக்கு 22 வராது. எதையோ கெடுத்துவிட்டோம் என்று அவள் தன் நிரலையே குடைந்துகொண்டிருப்பாள். என்னை யாரும் கேட்கப் போவதில்லை.

இதை நான் யோசித்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அரை நாள் யோசித்தேன்.

இந்தப் பன்னிரண்டு வருடத்தில் இன்னும் எத்தனை பேர் கோப்பு இதில் மாட்டியிருக்கும்? அந்தப் பெயர் வித்தியாசம் எல்லோருக்கும் வராது. ஆனாலும் சிலருக்கு வந்திருக்கும். அவர்களுக்கெல்லாம் யார் சொல்வது?

மார்ச் 25, திங்கள்

சொல்லிவிட்டேன்.

திரையில் அந்த வரியைக் காட்டினேன். "இது நான் எழுதினது. தப்பு என்னோடது. போன திங்கக்கிழமையே நம்பர் தப்புன்னு எனக்குத் தெரியும். புதன்கிழமை நீ வந்து கேட்டப்போ பொய் சொன்னேன்."

அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்க்கா?"

"பொறாமை."

இந்த வார்த்தையை இன்னொருத்தியின் முகத்துக்கு நேராகச் சொன்னது வாழ்க்கையில் இதுதான் முதல் முறை. அவள் முகம் சிவந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் பாரம் குறைந்திருக்கும். "நான் உங்களை நம்பித்தானேக்கா கேட்டேன்," என்று மட்டும் சொன்னாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, முதல்ல ஒதுக்கினதை வெச்சு திரும்ப ஓட்டலாம்," என்றாள். குரலில் ஈரமே இல்லை.

இருவரும் ஆரம்பத்திலிருந்து ஓட்டினோம். 27 வந்தது.

அடுத்து அந்த எட்டு அமினோ அமிலங்கள். அவற்றை அப்படியே எடுத்துவிட்டு, அவை இல்லாமல் மேப்பைப் புதிதாகப் போட்டுப் பார்ப்பதுதான் முறை. நாமாகக் கற்பனை செய்திருந்தால் அந்த இடம் வெறுமையாகிவிடும். உண்மையாக இருந்தால் நாம் எடுத்த பிறகும் மேப்பில் அது தெரியும்.

கணினி ஓடிக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடமும் நான் என்ன வேண்டிக்கொண்டிருந்தேன்? வராமல் போகட்டும் என்று. அத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும்!

வந்தது. எட்டில் ஏழு, பளிச்சென்று. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்து, வைக்கவில்லை.

மார்ச் 28, வியாழன்

27 என்று சொன்னாள். ஏன் 22 இல்லை என்றும் சொன்னாள். "எங்க நிரல்ல ஒரு பழைய பிழை இருந்தது. கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டோம்."

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெருந்தன்மையிலும் என்னை முந்திக்கொள்கிறாளே! எழுந்து நின்றேன். "பிழை என்னோடது. பன்னெண்டு வருஷமா இருக்கு. பயன்படுத்துற எல்லாருக்கும் இன்னைக்கே எழுதப் போறேன்," என்றேன். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எழுந்து நின்றதற்குக் காரணம் நேர்மையா, போட்டியா? பாதிப் பாதி என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

பதில்கள் வர ஆரம்பித்துவிட்டன. இதுவரை நாற்பத்தொன்று. பாதி பேர் தங்கள் கோப்பில் பிரச்சினை இல்லை என்கிறார்கள். ஆறு பேர் திரும்ப ஓட்டுகிறார்கள். ஒருவர் வறுத்தெடுத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் நானே பதில் எழுதுகிறேன்.

அவள் 'அக்கா' என்பதை விட்டுவிட்டாள். இப்போது 'மேடம்'.

ஏப்ரல் 19, வெள்ளி

இன்றும் மேடம்தான்.

மே 9, வியாழன்

புதிதாக ஒரு படிகம் வந்திருக்கிறது, படு மோசமான மேப். அவளுடைய நிரல் இரண்டு முறை ஓடி இரண்டு முறையும் விட்டுவிட்டது. எனக்கு உள்ளே குளிர்ந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஒன்பது நாளாகக் கையாலேயே கட்டிக்கொண்டு வருகிறேன். இன்று காலை ஒரு திருப்பத்தில் மாட்டிக்கொண்டேன். புரதச் சங்கிலி எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியவில்லை.

தண்ணீர் பாட்டிலோடு போய்க்கொண்டிருந்தவள் பின்னால் நின்றாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. "நீங்க தலைகீழா கட்டுறீங்க மேடம். சங்கிலி அந்தப் பக்கத்திலேர்ந்து வருது."

திருப்பிப் பார்த்தேன். சரிதான். ஒன்பது நாள் வேலையில் ஆறு நாள் வீண். சுருக்கென்று பழைய எரிச்சல், அதே இடத்தில். அவள் நகர்ந்துவிட்டாள். அவளை அப்படியே போக விட்டிருக்கலாம்.

"இரு," என்றேன். "அதை எப்படிக் கண்டுபிடிச்சே? எனக்குச் சொல்லிக்கொடு."