மடித்த காகிதத்தில் மாடித் தளம்

வடகவுஞ்சி
12-11-1963

அன்புள்ள மருமகன் ஞானவேலுக்கு,

தாய்மாமன் செல்லப்பாண்டி எழுதிக்கொண்டது. நான், உன் அத்தை, மகள் அழகம்மாள் மூவரும் பழனியாண்டவர் புண்ணியத்தில் சுகம். பிலாயில் உலைச் சூட்டில் வேலை பார்க்கிற நீ வேளைக்குச் சாப்பிட வேண்டும்.

பூண்டு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு மேல் நான் கட்டும் மாடி அறையைப் பற்றி உன் அம்மா எழுதியிருப்பாள். "தகரத்து மேல தளம் போடுறானாம். அதுல எம்புள்ள கால் வைக்க மாட்டான், மத்தப் பேச்சும் வேணாம்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டாள் என் அக்காள். மற்றப் பேச்சு எது என்று உனக்குத் தெரியும்.

நீ இரும்பு காய்ச்சுகிறவன். அது பாரம் தாங்குகிற வித்தையை என்னிடம் கேள். உத்தரங்களின் மேல் நெளித் தகரத்தைப் பரப்பி, கம்பி கட்டி, கான்கிரீட் கொட்ட வேண்டும். கொடைக்கானலில் ஒரு துரை பங்களாவுக்கு இப்படிப் போட்டபோது யோசனை சொன்னதே நான்தான். சிமெண்டும் சுமந்தேன். நடுவில் ஒரு மூட்டையை வைத்தால், பாரம் அதன் கீழுள்ள நெளியில் மட்டும் இறங்காது. இறுகிய கான்கிரீட் பக்கத்து நெளிகளையும் தோள் கொடுக்க வைக்கும். அம்மன் சப்பரத்தை ஒருவனா தூக்குகிறான்? நெளிகள் உத்தரத்திடம் கொடுக்கும், உத்தரம் சுவரிடம், சுவர் மலையிடம். மலை யாரிடம் கொடுக்கும் என்று கேட்காதே.

ஒரு சிறு சங்கதி. கூரை போட்ட பழக்கத்தில், நெளிகள் வாசல் பக்கம் பார்க்கும்படி தகரத்தைப் பரப்பிவிட்டான் கொத்தன் சின்னக்கருப்பன். நானும் பேஷ் என்றேன். உத்தரங்களும் வாசல் பக்கமே ஓடுவதை இருவரும் பார்க்கவில்லை. அழகம்மாள் ஏறி நின்றாள். தகரம் தொய்ந்தது. "ஏப்பா, மழத்தண்ணி வடியவா தளம் போடுறீக?" என்று கேட்டுவிட்டு, ஒரு காகிதத்தை விசிறி போல மடித்து இரண்டு டம்ளர்மேல் வைத்தாள். மடிப்பு டம்ளருக்கு டம்ளர் ஓடினால் நாலு பூண்டு நின்றது. குறுக்கே திருப்பினாள், ஒரு பூண்டுக்கே மடங்கி விழுந்தது. நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். தகரத்தைத் திருப்பி, நெளிகளை உத்தரத்துக்கு உத்தரம் ஓடவிட்டோம்.

முட்டுக் கொடுத்து, கான்கிரீட் கொட்டி, இருபத்தெட்டு நாள் நனைத்தபின் நேற்று முட்டுகளைப் பிரித்தோம். நாற்பது மூட்டை ஏற்றினேன். அழகம்மாள் எண்ணியதில் இருபத்தாறு. ஒரு கீறல் இல்லை. உன் அம்மா கீழே நின்று அரை நாள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு தானே ஏறிவந்து, நடுவில் குதிகாலால் ரெண்டு மிதி மிதித்தாள். அங்கேயே சம்மணமிட்டு அழகம்மாள் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, "சரிடா, அவனுக்கு எழுது" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

பூண்டு நன்றாக விளைந்திருக்கிறது. அறைக்குக் கிழக்கே சன்னல் வைத்தாயிற்று. தை பிறந்ததும் லீவு எழுதிப்போடு. வத்தலக்குண்டில் வந்து நிற்கிறேன்.

வீட்டில் வேறு தாள் இல்லாததால் அந்தக் காகிதத்திலேயே எழுதியிருக்கிறேன். குறுக்கே ஓடும் கோடுகளெல்லாம் அழகம்மாள் மடித்த மடிப்பு. வாசித்ததும் தேய்த்து நேராக்கிவிடாமல், அப்படியே பத்திரமாக வைத்துக்கொள் அப்பா.

நீ நூறாண்டு நன்றாயிருக்க வேண்டும்.

உன் மாமன்
செல்லப்பாண்டி