லோரிக்காரர் மகள் போட்ட கடை

1981 செப்டம்பர் 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. லோரிக்குக் கிளச் சரியில்லை. கொழுந்து மூட்டைகளோடு பேக்டரி மேட்டில் ஏறும்போது என்னைப் போலவே இருமுகிறது. எஸ்டேட் ஆபீஸ் கிராணியிடம் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் வயசாச்சு" என்றார்.

நேற்று தனம் ஈப்போவிலிருந்து வந்து போனாள். ஒரே மகள். ரெடிமேட் துணிக்கடையில் இரண்டு வருடமாக வேலை. வரும்போதெல்லாம் ஏதாவது புது ஸ்டைலில் தலை வாரியிருப்பாள். நேற்று தலையைவிடப் பெரிய சேதி. கடையில் 'பையர்' அம்மா ஒருத்தர் இருக்கிறாராம். அவருக்கு ஓர் உதவி ஆள் தேவையாம். தனமும் கூட வேலை செய்யும் சீனப் பெண், ஓர் அமோயும் போட்டியில். தீபாவளிச் சரக்கு யார் நன்றாகப் பொறுக்குகிறார்களோ, விற்றுக் காட்டுகிறார்களோ, அவர்களுக்கு வேலை.

"பையர்னா யாரும்மா?"

"கடைக்கு என்னென்ன துணி வரணும்னு பாத்துப் பொறுக்கி வாங்குறவங்கப்பா."

"வாங்குறதுக்கா சம்பளம்? உங்கம்மா கல்யாணமான நாள்லேருந்து வாங்குறா. ஒருத்தன் சம்பளம் குடுக்கல."

பாக்கியம் (இனிமேல் பா. முழுப்பெயர் எழுதச் சோம்பல்) கரண்டியைத் தூக்கிக் காட்டினாள்.

எனக்கு விளங்குவதற்காக இப்படி எழுதி வைத்துக்கொண்டேன்:
தவுக்கே - கடை முதலாளி, நம் துரை மாதிரி
கேஷியர் - கிராணி
சூப்பர்வைசர் - கங்காணி
சேல்ஸ் கேர்ள் - கொழுந்து பறிக்கிறவர்கள்
பையர் - ?

தனம் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "பேக்டரியில டீயை வாயில ஊத்தி ருசி பாத்துத் துப்புவாரே, அவரு மாதிரிப்பா."

சரி. துப்புவதற்கே சம்பளம் உண்டு என்றால் வாங்குவதற்கும் இருக்கத்தான் செய்யும்.

தனம் அங்கே முதலில் துணி மடித்தாள். பிறகு கவுண்டர். பிறகு போட்டுப் பார்க்கும் அறைக்கு வெளியே ஊசியும் டேப்புமாக நின்றாள். அப்புறம் ஸ்டோர். இனி பையர் பக்கம். படிப்படியாக. நான் கிளீனராக லோரியில் ஏறினேன், டிரைவர் ஆனேன். இதற்கு மேலே ஏறினால் லோரிக் கூரைதான்.

வருகிற ஞாயிறு சரக்கை இங்கேயே கொண்டுவந்து விற்கப் போகிறாள். தவுக்கே சம்மதித்துவிட்டாராம். சம்பளம் போட்ட வாரம். நல்ல யோசனை.

செப்டம்பர் 10, வியாழன்

மழை விட்டது. பல் வலி. கிராம்பு வைத்தேன், நாக்குத்தான் மரத்தது.

கோலா தெர்லாவில் கோஸ் ஏற்றிய லோரி ஒன்று வழியை மறித்துக்கொண்டு நின்றதால் அரை மணி நேரம் போச்சு. காலி லோரியில் கம்போங் ராஜாவுக்குச் சாமான் வாங்க வரும் பெண்கள் வழக்கம்போல் பின்னால். துரைக்குத் தெரிந்தால் என் வேலை போகும். தெரியாது. தெரிந்தும் தெரியாது.

நின்ற நேரத்தை வீணாக்கவில்லை. இறங்கிப் பின்னால் போய்ச் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை நம்ம தனம் கடை போடுது. கட்டாயம் இல்ல. பிடிச்சா வாங்குங்க. சும்மாவாவது வந்து பாத்துட்டுப் போங்க."

"வராம இருப்பமா அண்ணே" என்றது அஞ்சலை. அடுத்த வீடு. அவள் சொன்னால் லயத்து வீடுகள் முழுக்கச் சொன்ன மாதிரி.

போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, அவ்வளவுதான் சொன்னேன். நேற்றும் சொன்னேன். அதை விடு.

செப்டம்பர் 13, ஞாயிறு

வெயில்! கடவுள் நம் பக்கம்.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் இரண்டு பெஞ்சு போட்டு, கயிறு கட்டி, தனம் துணிகளைத் தொங்கவிட்டாள். எல்லாம் மேக்சி. கழுத்திலிருந்து கால் வரை ஒரே கவுன். மெல்லிசு, பளபள, கை குட்டை. ஈப்போவில் இப்போது இதுதானாம். பா. ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பா. ஒன்றும் சொல்லாதபோது நான் கேட்டிருக்க வேண்டும்.

நான் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றேன். கடை வாசலில் காவல் நிற்கும் ஜாகா மாதிரி. ஒவ்வொருவரையும் "வாங்க வாங்க".

வந்தார்கள். எடுத்தார்கள். பத்து மணிக்கு ஆரம்பித்து, மத்தியானச் சோற்றுக்கு முன்னால் கயிறு காலி! தனம் முகத்தைப் பார்க்கணுமே. போட்டுப் பார்க்கிறீர்களா, சேலையால் மறைப்புக் கட்டித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் போட்டுப் பார்க்கவில்லை. "எல்லாம் சரியா இருக்கும்மா."

"அப்பா, டவுன்ல ஒருத்தி ஒரு சட்டைக்கு ஒம்போது சட்டை இறக்கிப் போடச் சொல்லுவா. இங்க பாத்தீங்களா?"

"நம்ம ஜனம்மா" என்றேன். நெஞ்சு நிமிர்ந்து போச்சு. பட்டன் தெறிக்கவில்லை, நல்லவேளை.

செப்டம்பர் 16, புதன்

ஆபீசுக்கு போன் வந்ததாகக் கிராணி ஆள் அனுப்பினார். கொழுந்தை அப்படியே விட்டு ஓடினேன். தனம்.

"அப்பா, தவுக்கேக்கு ரொம்ப சந்தோசம். மலை மேல உள்ள எல்லா எஸ்டேட்டுக்கும் இதே மேக்சி ஆர்டர் போடப் போறாராம். மாசக் கடைசியில. எனக்குத்தான் வேலைன்னு பையர் மேடம் பாதி சொல்லிட்டாங்க!"

"பாதியா?"

"மீதி ஆர்டர் போட்டப்புறம்."

கிராணி கேட்டார், மகளுக்குப் புரமோசனா என்று. பாதி என்றேன். "அப்போ டீ மட்டும் வாங்கிக் குடு, வடை அப்புறம்" என்றார். இரண்டும் வாங்கிக் கொடுத்தேன்.

கிளச் மாற்றியாகிவிட்டது.

செப்டம்பர் 27, ஞாயிறு

எழுதவே வெட்கம். இருந்தாலும் எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

தனம் ஊசி, நூல், டேப் எல்லாம் எடுத்துக்கொண்டு நேற்றே வந்தாள். விற்ற துணிக்கு இடுப்புப் பிடிக்க, நீளம் குறைக்க. இலவசம். காலையில் வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்தாள். எட்டு மணி. ஒன்பது. கோழிதான் வந்தது.

"என்னப்பா, யாருமே வரல?"

"எல்லாம் சரியா இருக்கு போல."

"அப்படி இருக்காதுப்பா. பிடிச்ச துணின்னா ஆளு திரும்பி வரும். கை இறுக்குது, தோள் தொங்குதுன்னு வந்து நம்மள ஒரு வழி பண்ணிருவாங்க. கடையில திரும்பி வராத துணியக் கண்டாத்தான் மேடத்துக்குப் பயம். யாரும் போட்டே பாக்கலன்னு அர்த்தம்."

எழுந்து நேரே அஞ்சலை வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால். வாசலிலேயே நின்றுவிட்டாள். கதவு நிலையில் புதுத் திரை. பச்சைப் பளபள. மேக்சிதான். கை இரண்டையும் வெட்டி, கம்பியில் கோத்து, காற்றில் ஆடுகிறது.

அஞ்சலை கையைப் பிசைந்தாள். "நல்ல துணி தனம். மழச்சாரல் நிக்குது பாரு."

"போடலியா அக்கா?"

"இந்தக் குளிர்ல இத எப்படிலா போடுறது? கையில்ல, கனமில்ல. மேல ஸ்வெட்டரப் போட்டா உள்ள என்ன இருக்குன்னே தெரியாது."

"அப்புறம் ஏங்க்கா வாங்கினீங்க?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். பிறகு கோழியைப் பார்த்தாள். "அண்ணன் நேர்ல வந்து சொல்லிட்டாரு. எப்படி இல்லேங்குறது? நாளைக்கு லோரியில ஏறணும்ல."

பக்கத்து வீட்டில் அது தலையணை உறையாம். "சுகமா வழுக்குது" என்று அந்த அம்மாள் பெருமையாக வேறு சொன்னார். மூன்றாவது வீட்டில் பெட்டிக்குள் மடித்தது மடித்தபடி.

லயத்து வழக்கம் எனக்குத் தெரியாதா? ஒரு வீட்டுப் பிள்ளை எதையாவது விற்றால் மற்ற வீடுகள் மறு பேச்சில்லாமல் வாங்கும். அவள் துணியைத்தான் வாங்கினார்கள் என்று நான் ஏன் நினைத்தேன்? வாங்கியது என் லோரியின் பின்பக்கத்தை.

பா.: "எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க அங்க நின்ன நிலையில யாரு வாயத் தொறப்பா?"

தனம் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அஞ்சலை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கேட்டாள்: "சரிக்கா. எங்கப்பா இல்லேன்னு வச்சுக்குங்க. தீபாவளிக்கு உங்களுக்கு என்னதான் வேணும்?"

நான் அங்கேயேதான் இருந்தேன். இருந்தாலும் இல்லை.

அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து நின்றார்கள்; ஒருத்தி ஆரம்பித்தாள். அப்புறம் யாரும் நிறுத்தவில்லை.

"சேல எங்களுக்கே இருக்கு. மேல போடத்தான் ஒண்ணுமில்ல. வீட்டுக்காரரு ஸ்வெட்டரத்தான் மாட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போறோம்."

"வட்டக் கழுத்து. தல வழியா மாட்டுனா பூவும் போச்சு, பொட்டும் போச்சு."

"கலரு வேற சாம்பல். பட்டுச் சேல கட்டி மேல சாக்குப் போட்ட மாதிரி!"

"முன்னாடி பட்டன் வச்சு, சேலைக்கு ஏத்த கலர்ல, இடுப்போட நிக்கிற மாதிரி ஒண்ணு கொண்டா தனம். அண்ணன் சொல்லலேன்னாலும் வாங்குவோம்!"

கடைசியில் சொன்னது அஞ்சலை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய.

செப்டம்பர் 28, திங்கள்

பனி. முன்னால் போகும் வண்டி தெரியவில்லை.

நேற்று மாலை தனத்தைக் கம்போங் ராஜாவில் பஸ் ஏற்றப் போனபோது பேசியது:

"தவுக்கேகிட்ட இப்பச் சொல்லாதம்மா. வேல கிடைக்கட்டும். அப்புறம் மெதுவா."

"ஆர்டர் போட்டுட்டா அப்புறம் என்னப்பா மெதுவா? எல்லா எஸ்டேட்லயும் கதவுத் திரதான் தொங்கும்."

"மத்த எஸ்டேட்லயும் லோரிக்காரரு இருப்பாருல்ல."

முறைத்தாள். அவள் அம்மா முறைப்பு அப்படியே வந்திருக்கிறது.

"சொன்னா அந்த அமோய்க்குப் போயிரும் தனம்."

"போனாப் போகட்டும்பா. என்ன வேணும்னு பாத்துச் சொல்றதுதானே இந்த வேல. வேண்டாததச் சொல்லி வாங்கிட்டு, அதே வேலையில எப்படிப்பா உக்காருறது?"

பஸ் வந்தது. ஏறும்போது என் கையிலிருந்த கீரைக் கட்டை வாங்கிக்கொண்டாள். கோபமில்லை போல. கோபமிருந்தால் கீரையை விட்டுவிட்டுத்தான் போவாள்.

இரவுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பா. இரண்டாம் முறை ரசம் ஊற்றினாள். அது அவள் ஆறுதல்.

இன்று லோரியில் ஏற வந்த பெண்கள் என் முகத்தைப் பார்க்காமல் தயங்கி நின்றார்கள். "அட, ஏறுங்க. இனிமே நான் ஒண்ணும் விக்கல" என்றேன்.

அக்டோபர் 2, வெள்ளி

மழை, மழை. ரிங்லெட் பக்கம் மண் சரிவாம்.

நாலு நாளாக ஆபீஸ் பக்கமே லோரியை நிறுத்துகிறேன். கிராணி கேட்டார், "போன் மணிக்குக் காவலா?" ஆமாம் என்றேன்.

பதினொரு மணிக்கு வந்தது.

"அப்பா, வந்த மறுநாளே சொல்லிட்டேன். தவுக்கே கத்து கத்துன்னு கத்திட்டாரு. நல்ல வார்த்த ஒண்ணுகூட இல்ல."

"அப்புறம்?"

"உங்கப்பாவ வேலைக்கு எடுத்துக்கிறேன், நீ வீட்ல இருன்னாரு. வேண்டாத துணிய ஒரு காலையில வித்த ஆளு இந்த ஈப்போலயே கிடையாதாம்."

கிராணி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். திரும்பி நின்றுகொண்டேன்.

"உன் வேல என்னாச்சு தனம்? அதச் சொல்லு."

"மேடம் குறுக்க வந்துட்டாங்கப்பா. பூ கசங்குற விசயத்த மறுபடி மறுபடி கேட்டாங்க. இத்தன வருசம் மலைக்குச் சரக்கு அனுப்புறோம், நமக்கு ஒருத்தரும் சொல்லலியேன்னாங்க. மேக்சி ஆர்டர் கேன்சல். பட்டன் ஸ்வெட்டர் பாக்க மேடம் கூட கோலாலம்பூர் போறேன். திங்கக்கிழமைலேருந்து நான் அசிஸ்டண்ட். ஆறு மாசம் பாப்பாங்களாம்."

போனை வைக்க மறந்து நின்றேன். கிராணிதான் வாங்கி வைத்தார்.

பா.விடம் சொல்ல, அவள் கொழுந்து பறிக்கும் காட்டுக்கே போனேன். கூடையை இறக்காமல் கேட்டாள். "ம்" என்றாள். பிறகு மேற்கொண்டு பறித்தாள். இரண்டு கை கொழுந்து கூடைக்கு வெளியே விழுந்தது. நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

அக்டோபர் 4, ஞாயிறு

காலையில் தூறல்.

நேற்றுத் தனம் வந்தாள், நிறம் பார்த்துப் போக. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, சத்தியமாக. பொழுது சாய்வதற்குள் வாசலில் கூட்டம். ஆளாளுக்கு ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். "இதே செவப்பு. தக்காளிச் செவப்புன்னு எதையாவது எடுத்துட்டு வந்துராத." "எனக்கு முழங்கை வரைக்கும் மடிக்கிற மாதிரி, பாத்திரம் கழுவணும்." "அவளுக்கு எடுத்த கலர எனக்கு எடுக்காத, சொல்லிட்டேன்." அஞ்சலை மட்டும் மூன்று தரம் வந்து மாற்றினாள். தனம் ஒவ்வொரு துண்டிலும் பேர் எழுதி ஊசி குத்தினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பெரட்டுக்களத்தில் கயிறு காலியான அன்றுகூட அது இல்லை.

இன்று கிராணிக்குச் சாமான் வாங்க லோரி தானா ராத்தா டவுனுக்கு. தனத்தை அங்கேயே பஸ் ஏற்றலாம். முன்னால் மூன்று பேர்: நான், தனம், பா. மகள் முதல் முதலாகக் கோலாலம்பூர் போகிறாள் என்று, போன வருடம் பசாரில் நானே பொறுக்கி எடுத்த சட்டையைப் போட்டிருந்தேன். மஞ்சள். பெரிய பெரிய ஆரஞ்சுப் பூ. லயத்தில் எல்லாருக்கும் பிடித்த சட்டை.

பஸ் ஸ்டாண்டில் தனம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?"

"சொல்லும்மா."

"இந்தச் சட்ட உங்களுக்கு நல்லா இல்லப்பா."

"என்ன தனம், லயத்துல அத்தன பேரும் நல்லாருக்குன்னாங்களே?"

பா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தனம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததில் பஸ் கண்டக்டர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான்.

என் காலரை ஒரு தரம் சரிசெய்துவிட்டு ஏறிப் போனாள். வளைவு திரும்பும் வரை கை தெரிந்தது.

திரும்பும்போது மேகம் கலைந்து சுள்ளென்று வெயில். மழைக்கோட்டை எடுத்து மாட்டி, மஞ்சள் தெரியாமல் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு ஓட்டினேன். வேர்த்து ஊற்றியது. பா. ஜன்னலைக்கூடத் திறந்துவிடவில்லை.