துரை வைத்துப்போன பாத்திரம்

ஜூன் 12, வியாழன்
காலையிலேயே வெயில். கோயில் மோட்டார் மறுபடி ரிப்பேர். ஞாயிறு, இந்த வேதக்கோயிலைக் கட்டிய வெள்ளைக்கார மிஷனரித் துரைக்கு நினைவு ஆராதனை. கமிட்டியில் பந்தல், பிரியாணி, படத்துக்கு ரோஜா மாலை எல்லாம் முடிவு. துரை என்ன செய்தார் என்பது மட்டும் பேச்சில் வரவில்லை.

அவர் நாட்டில் வெள்ளையருக்கு ஒரு கோயில், கறுப்பருக்கு ஒரு கோயில். சேர்த்து உட்காரவைக்கப் பார்த்தார். சொந்தச் சபையே துரத்தியது. திருச்செங்கோட்டுப் பக்கம் வந்தால் இங்கே சேரி ஆட்களுக்குப் பின்வரிசையில் தனிப் பாய். பாயைச் சுருட்டி வெளியே போட்டார். திருவிருந்தில் திராட்சரசம் குடிக்க ஒரே வெள்ளிப் பாத்திரம் வைத்தார், எல்லார் வாய்க்கும்.

கொரோனாவில் அதைப் பீரோவில் பூட்டினோம். ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வந்தது. கொரோனா போய்விட்டது. கிண்ணம் போகவில்லை.

ஞாயிறு திருவிருந்துக்கு அந்தப் பாத்திரத்தையே எடுக்கப்போகிறேன் என்றேன், ஆயர் என்ற உரிமையில். கமிட்டிச் செயலர் தனராஜ், நாலு போர்வெல் ரிக் லாரிக்குச் சொந்தக்காரர், சிரித்தார்.
"சுத்தம் பாக்கோணுமில்லீங்கய்யா. யார் யார் வாயோ."
யார் வாய் என்று கேட்டேன். டீ வந்துவிட்டது.

ஜூன் 14, சனி
அனல் காற்று. மோட்டார் சரி. வாங்க: அப்பம், திராட்சரசம், பி.பி. மாத்திரை.
கோயில் பெருக்கும் மரியாள் புளி போட்டுப் பாத்திரத்தைத் துலக்கினார். காலனிக்காரர். முன்பும் எல்லாரும் குடித்த பிறகுதான் வருவார். நாளைக்கு முதலில் வாருங்கள் என்றேன்.
"வேண்டாமுங்க சாமி. நானு கடேசீலயே வாரேனுங்க."
விடவில்லை. துரை கதையைச் சொன்னேன். தலையாட்டினார். எனக்கு ஏக திருப்தி.

ஜூன் 15, ஞாயிறு
கோயில் நிறைய ஆள். பிரசங்கம் நன்றாகவே வந்தது. திருவிருந்துக்கு அழைத்தேன். மரியாள் வந்து மண்டியிட்டார், குடித்தார். விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு நின்றேன். முன்வரிசை பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் எழவில்லை. காலனி ஆட்களும்தான். முன்வரிசை எழாமல் அவர்கள் எப்படி எழுவார்கள்? மரியாள் மண்டியிட்ட இடத்திலேயே.

ஆசீர்வதித்த ரசத்தைக் கொட்டக் கூடாது. மீதியை ஆயர்தான் குடிக்க வேண்டும். குடித்தேன். கிட்டத்தட்ட முழுப் பாத்திரம்.

பிரியாணிக்கு ஒருவரும் தயங்கவில்லை. தனராஜ் என் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். "ஆராதனை அருமைங்கய்யா."
துரையே, உம்மைத் துரத்தியவர்கள் எவ்வளவோ நேர்மை. இவர்கள் மாலை போடுகிறார்கள்.

ஜூன் 16, திங்கள்
மூட்டம், மழை இல்லை. மரியாள் பந்தல் குப்பையைப் பெருக்கி முடித்து வாசலில் நின்றார்.
"வேண்டாமுன்னு சொன்னனுங்களே சாமி. அத்தனை பேர் முன்னால என்னைய ஏனுங்க மண்டி போட வெச்சீங்க?"
துரைக்காகச் செய்தேனா, எனக்காகவா? அவர் பதிலுக்கு நிற்கவில்லை.
குழாயடியில் சத்தம். எட்டிப் பார்த்தேன். சின்னக் கிண்ணங்கள் அத்தனையையும் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார், அடுத்த மாதத் திருவிருந்துக்கு.