உங்கள் இறப்பறிவித்தலில் விடுபட்ட பெயர்

லண்டன் தோர்ண்டன் ஹீத் அரங்கை நிறைத்திருக்கும் பெருமக்களே! ஒரு பெண் இறந்த பின்னும் அவள் வாழ்வைத் தணிக்கை செய்த வானொலி, அவளுக்கே நினைவேந்தல் நடத்துகிறது. வெட்கமுள்ளோர் கேளுங்கள். என் கையிலுள்ள மடல் உங்களுக்கன்று, மறைந்தவருக்கு.

அக்கா,

வியாழன் காலை கோலியர்ஸ் வுட் கடையில் கீரைக்கட்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். கல்லாவுக்கு மேலிருந்த வானொலியில் துயரிசை எழுந்தது. யாரோ நம்மவர் என்று கடையே அடங்கியது. யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட… உங்கள் பெயர். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு தங்கையும், மருமக்களின் மாமியும். எல்லோர் பெயரும் வந்தது. முப்பதாண்டு உங்களோடு வாழ்ந்த கணவர் மரியதாஸ் அண்ணையின் பெயர் மட்டும் வரவில்லை.

"அவ கலியாணமே கட்டேல்லையோ?" என்றார் கடைக்காரர்.

மன்னாரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த அவரின் பெயரை, அறிவித்தல் கொடுத்த உங்கள் அண்ணன்மார் ஒருநாளும் சொன்னதில்லை. சாதி கடல் தாண்டி, விசா இல்லாமலே வந்து சேர்ந்திருக்கிறது.

ஊரில் நாளிதழ்ச் செய்தியாளராய்த் தொடங்கிய நீங்கள், இங்கே ஒரு கடைக்கு மேலிருந்த சிற்றறையில் மக்கள் வானொலியை வளர்த்தீர்கள். முதியோர் இல்லங்களில் ஷிப்ட் முடித்து வந்த பெண்களை நேரலையில் பேசவைத்தீர்கள். சங்கத் தலைவர் எவரேனும் அழைத்தால் உங்கள் முதற்கேள்வி ஒன்றே: "உங்கட நிர்வாகத்தில எத்தினை பொம்பிளையள், ஐயா?" தொடர்பு அறுந்துவிடும். "நேயர்களே, ஐயாவுக்கு சிக்னல் இல்லை. துணிவும் இல்லைப் போல கிடக்கு" என்று சிரிப்பீர்கள். வாரம் ஒருமுறை இலக்கியம் பேச வந்த என்னையும் விட்டதில்லை. "தம்பி, நீர் தமிழை நல்லாத் தூக்கிப் பிடிக்கிறீர். சனத்தையும் கொஞ்சம் தூக்கும்."

பின்பு அந்த நாள் வந்தது. முதியவர் ஒருவரின் இறப்பறிவித்தலில், சாதி மாறி மணந்த இளைய மகளின் பெயரைக் குடும்பம் வெட்டியிருந்தது. அவள் உங்களை அழைத்து அழுதாள்: "நானும் அப்பான்ர மகள்தான் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ அக்கா." நேரலையில் சொன்னீர்கள். வானொலி மேலாளர் ஓடிவந்தார்.

"குடும்பம் தந்த அறிவித்தல். அதில சேர்க்க நீங்கள் ஆர்?"

"செத்தவருக்கு ரெண்டு பிள்ளையள், அண்ணை. ஒண்டெண்டு வாசிச்சா அது பொய். நான் செய்தியாளர், என்னால ஏலாது."

அன்றே உங்கள் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். நேயர் மனம் புண்படலாகாதாம்! நான் என்ன செய்தேன்? உங்கள் நாற்காலியின் சூடு ஆறுமுன் அதிலமர்ந்து, அறத்தைப் பற்றி அரைமணி நேரம் முழங்கினேன். என் கோழைத்தனத்துக்கும் நல்ல தமிழ் வாய்த்திருந்தது.

இன்று அதே மேலாளர் முன்வரிசையில், மாலையிட்ட கையோடு, உங்களை முற்போக்கின் குரல் என்கிறார். எத்துணை எளிய போற்றுதல்! இறந்தவர் நேரலையில் கேள்வி கேட்கமாட்டார் அல்லவா? வாழும்போது வாயை அடைத்தவர்கள், படத்துக்கு முன் கைகூப்புவதில் வல்லவர்கள்.

நேற்று மரியதாஸ் அண்ணையைப் பார்த்தேன். "விடும் தம்பி, அவவுக்குத் தெரியும்தானே" என்றார். தேநீர் ஊற்றித் தந்தார். பிறகு சொன்னார்: "ஆனா அறிவித்தலைக் கேட்டிட்டு ரெண்டு பேர் போன் எடுத்தவை. நீர் அவவுக்கு ஆர் எண்டு கேக்கினம். நான் என்னத்தைச் சொல்ல?"

அக்கா, அன்று உங்களுக்காக வாய் திறக்காத வெட்கத்தை நான் இன்னும் சுமக்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு எஞ்சியதும் அதுவே. அதை இன்று இவர்கள் மீது திருப்புகிறேன்.

மேலாளரே! இந்த ஒலிவாங்கி உங்கள் வானொலியில் நேரலையாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் வாசித்த அறிவித்தலின் நகல் இதோ. கணவர் மரியதாஸ் என்று என் கையால் சேர்த்திருக்கிறேன். அவர் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவருகே நிற்கிறார். அவருக்கொரு நாற்காலி தரவும் உங்களில் எவருக்கும் தோன்றவில்லை. அக்காவின் அண்ணன்மாரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். எழுந்து வாருங்கள். முழுதாக வாசியுங்கள். இப்பொழுதே!